தென்காசிக்குக் குடிவர அழைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலைகள்

தென்காசி மாவட்டத்துக்கு வெளியூர்க் குடும்பங்களையும் சிறு நிறுவனங்களையும் வரவழைக்க வேண்டும் என்று பேச்செடுத்தாலே முதலில் வந்து நிற்பது குற்றாலத்து அருவிப் படம்தான். ஐந்தருவி, சாரல், பச்சை வயல், பின்னால் மேகம் மூடிய மலை. அந்தப் படத்தைப் பார்த்து வருகிறவர்கள் இரண்டு நாள் தங்கிக் குளித்துவிட்டுப் போய்விடுவார்கள். பிள்ளைகுட்டியோடு குடிவர நினைப்பவரும், இருபது பேருக்கு ஓர் அலுவலகம் போட நினைப்பவரும் கேட்பது வேறு. வீடு கிடைக்குமா? ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தால் எங்கே ஓடுவது? கரண்டு எத்தனை தடவை போகும்? வீட்டுக்காரிக்கும் ஒரு வேலை அமையுமா? இவற்றுக்கு ஊர் வாரியாக, எழுத்தில், உண்மையான பதில் எங்கே தயாராக இருக்கிறதோ அங்கேதான் ஆள் வந்து நிலைக்கிறது. இந்த வேலையில் இறங்கியிருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் பணம் முதலில் வீடியோவுக்குத்தான் செலவாகிறது.

2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து 33-ஆவது மாவட்டமாக வந்தது தென்காசி. பெயர் ஒன்று, நிலம் இரண்டு. மேற்கே செங்கோட்டை, தென்காசி, கடையம் பக்கம் அணையும் குளமும் நெல்லும் தென்னையும். கிழக்கே சங்கரன்கோவில், திருவேங்கடம், குருவிகுளம் பக்கம் கரிசல் காடு, மானாவாரி. ‘தென்காசிக்கு வாங்க’ என்று பொதுவாக அழைத்துவிட்டு, வந்தவரைக் கிழக்கே கூட்டிப்போனால் ஏமாந்ததாகத்தான் நினைப்பார். அதனால் மாவட்டம் முழுவதற்கும் ஒரே அழைப்பு வைக்க வேண்டாம். முதல் ஆண்டுக்கு ஐந்தாறு ஊராட்சிகள் போதும். ஒவ்வோர் ஊருக்கும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஓர் ஊர்த் தாள் நான்கு பக்கத்தில் போடுங்கள். கையெழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை, தகவல் சரியாக இருக்க வேண்டும்.

மத்தளம்பாறையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது. சோஹோ நிறுவனம் 2011-ல் அங்கே சிறிதாக ஓர் அலுவலகம் தொடங்கியது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு பிற்பாடு அந்த ஊரிலேயே வந்து குடியிருந்தார். ‘அதைப்போல இன்னொரு கம்பெனி வந்தால் போதும்’ என்று பலர் சொல்வார்கள். அவர்கள் கட்டடத்தைத்தான் பார்க்கிறார்கள். அந்த நிறுவனம் 2005-லிருந்தே பிளஸ் டூவும் டிப்ளமாவும் முடித்தவர்களை எடுத்துத் தானே பயிற்றுவித்து வேலையில் அமர்த்திவருகிறது. வேலைக்கு ஆளை உருவாக்கிக்கொள்ளும் வழி கையில் இருந்ததால் கிராமத்தில் அலுவலகம் ஓடியது. பத்துப் பேரோடு வருகிற சிறு நிறுவனத்துக்கு அந்தப் பலம் இருக்காது. அதற்கு ஆளைக் காட்ட வேண்டியது ஊரின் பொறுப்பு.

வெளிநாடுகளில் என்ன செய்தார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம் 2011-ல் ஆள் குறைந்துவந்த 50 கவுண்டிகளை (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) கிராம வாய்ப்பு மண்டலங்களாக அறிவித்தது. வெளி மாநிலத்தில் ஐந்து ஆண்டு இருந்தவர் அங்கே குடிவந்தால் ஐந்து ஆண்டு மாநில வருமான வரி கிடையாது. கல்விக் கடன் இருந்தால் ஆண்டுக்கு 3,000 டாலராக 15,000 டாலர் வரை அடைத்துத் தரவும் ஏற்பாடு செய்தது. ஆனால் அதில் பாதியைக் கவுண்டியோ வேலை கொடுப்பவரோ போட வேண்டும். உள்ளூர்க்காரர் தன் மடியிலிருந்து பங்கு போடுவதால், வருகிறவரைக் கவனித்துக்கொள்ளவும் ஓர் ஆள் இருப்பார்.

ஜப்பானின் காமியாமா, ஐயாயிரம் பேர் அளவில் வாழும் மலையூர். அங்கே கிரீன் வேலி என்ற தொண்டு அமைப்பு, ‘இந்தக் காலி வீட்டுக்கு ரொட்டிக் கடை வைப்பவர் வேண்டும்’ என்று வீட்டையும் தொழிலையும் சேர்த்துச் சொல்லி ஆள் தேடியது. 2010-ல் டோக்கியோவின் சான்சான் நிறுவனம் அந்த ஊரின் பழைய வீடொன்றில் கிளை அலுவலகம் போட்டது. நம்மிடம் கான்சாஸைப் போல வரியை விட்டுக்கொடுக்க அதிகாரம் இல்லை. காமியாமா செய்ததை ஓர் ஊராட்சியே செய்யலாம். அதற்கு முதலில் வீடு வேண்டும்.

பூட்டிக் கிடக்கும் வீடுகள்

மாவட்டத்தில் எந்த ஊரில் ஒரு தெரு நடந்தாலும் நாலைந்து வீட்டில் பூட்டுத் தொங்கும். சொந்தக்காரர் சென்னையிலோ மும்பையிலோ வளைகுடாவிலோ இருப்பார். ஆனால் வாடகைக்கு வீடு என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. ஆளைக் கூப்பிடும் முன்னால் இந்த முடிச்சை அவிழ்க்காவிட்டால் மற்ற எல்லா உழைப்பும் வீண். வருகிறவர் மூன்று வாரம் தங்கும் விடுதியில் இருந்து வீடு தேடிவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்; போன இடத்தில் நாலு பேரிடம் சொல்லவும் செய்வார்.

ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகக் கணக்கெடுங்கள். கதவு எண், சொந்தக்காரர் பெயர், இப்போது இருக்கும் ஊர், போன் நம்பர், சாவி யாரிடம், பட்டா யார் பேரில், மின் இணைப்பு யார் பேரில், கடைசியாக விளக்கெரிந்த வருடம், கூரை ஓடா மச்சா, கக்கூஸ் வீட்டுக்குள்ளா கொல்லையிலா, தண்ணீர்க் குழாய் உண்டா. இதில் ‘சாவி யாரிடம்’ என்ற கட்டத்தைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். சாவி வைத்திருக்கும் பெரியம்மாவோ சித்தப்பாவோ சரி என்று சொல்லாமல் அந்த வீடு திறக்காது. சென்னையில் இருக்கும் மகனிடம் பேசுவதற்கு முன் அவரிடம் பேச வேண்டும்.

பேசும்போது வரும் பதில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். “வீடு சும்மாத்தான் கெடக்கு அண்ணாச்சி. ஆனா குடிவச்சிட்டா, கொடைக்கு எம் பிள்ளைக வந்தா எங்க தங்கும்?” வாடகைக்கு விடாததற்கு வாடகைத் தொகை காரணமில்லை. ஆண்டுக்கு நாலு நாள் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்து இறங்க ஓர் இடம், தாத்தா காலத்துப் பீரோவும் பித்தளைப் பாத்திரமும் வைக்க ஓர் இடம், குடிவந்தவர் காலி செய்யாமல் உட்கார்ந்துவிடுவாரோ என்ற பயம். மூன்றுக்கும் வழி இருக்கிறது. வீட்டில் ஓர் அறையைச் சொந்தக்காரர் பூட்டிச் சாவியைத் தானே வைத்துக்கொள்ளட்டும். கொடை நாட்களில் முன்கட்டையோ மாடியையோ அவர்கள் பயன்படுத்தலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். கொடை எந்த மாதம், எந்த வாரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, முன்பணம் எவ்வளவு, வெள்ளையடிப்பது யார் செலவு என்பவையும் எழுத்தில் வர வேண்டும். இந்த ஒரு பக்க ஒப்பந்தம் திறக்கும் வீடுகளை வாடகையை உயர்த்திக் கொடுத்தாலும் திறக்க முடியாது.

கணக்கெடுத்த வீடுகளை மூன்றாகப் பிரியுங்கள். சாவி வாங்கிய அன்றே குடிபோகக்கூடியது, பழுது பார்த்தால் போகக்கூடியது, பங்காளி வழக்கில் கிடப்பது. மூன்றாவது வகையை முதல் ஆண்டில் தொட வேண்டாம். கூட்டுப் பட்டாவில் ஏழு பேர் பெயர் இருந்து ஆறு பேர் சம்மதித்தாலும், ஏழாவது ஆள் குடிவந்தவர் வாசலில் வந்து நிற்பார். அவமானப்படுவது குடிவந்தவர்தான்.

பழுது பார்க்கும் வீடுகளில் ஓட்டு வீடே அதிகம். வெளியே பார்க்க அழகாக இருக்கும். உள்ளே ஓட்டைத் தாங்கும் பனைமரச் சட்டமான பனங்கை சுவரில் போய் உட்காரும் இடத்தை ஏணி வைத்துப் பாருங்கள். ஓடு விலகி ஒழுகும் தண்ணீர் அந்த முனையில்தான் தேங்கும். கரையானும் அங்கேதான் ஏறும். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தால் நல்ல பனங்கை இரும்பு போலத் திருப்பி அடிக்கும். இற்றுப்போனது மாவு போல உதிரும். உடைந்த ஓட்டை மாற்றுவது ஒரு நாள் வேலை. பனங்கை போயிருந்தால் அந்தப் பத்தியின் ஓடு முழுவதையும் இறக்கித்தான் ஆக வேண்டும். செலவு பல மடங்காகும். அடுத்து வயரிங். பழைய வீடுகளில் பெரும்பாலும் எர்த் கம்பி இருக்காது. கணினி வைத்து வேலை செய்ய வருகிறவருக்கு இது முக்கியம். எர்த் குழியும் ட்ரிப்பரும் போட்ட பிறகே சாவியைக் கொடுங்கள். மின் இணைப்பு இறந்துபோன தாத்தா பேரில் இருந்தால் வாரிசுச் சான்றோடு பெயர் மாற்றவும் இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

குற்றாலம், இலஞ்சி, மேலகரம் பக்கத்து வீடுகளுக்குத் தனிக் குறிப்பு வேண்டும். சீசன் மூன்று மாதமும் அங்கே நாள் வாடகைக்குக் கிராக்கி. மாத வாடகைக்கு விட்டவர் ஜூன் பிறந்ததும் ‘மூணு மாசம் மட்டும் வேற எங்கயாச்சும்’ என்று இழுக்க வாய்ப்பு உண்டு. ஆண்டு முழுவதற்கும் என்று எழுதித் தராத வீட்டைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வீடு கேட்டு வருகிறவரிடம், ‘நீங்க எந்த ஆளுக?’ என்ற கேள்வி வருகிறது. நேராகக் கேட்காவிட்டால் குலதெய்வம் எது என்று கேட்டு அதே இடத்துக்கு வருவார்கள். அந்த ஒரு கேள்வியால் படித்த, திறமையான, உழைக்க வந்த குடும்பங்களை ஊர் இழக்கிறது. அந்தக் குடும்பத்துக்கு ஏற்படும் காயத்தை எந்த விளம்பரத்தாலும் ஆற்ற முடியாது. பட்டியலில் ஒரு வீட்டைச் சேர்க்கும் முன்பே, சாதியோ மதமோ சாப்பாடோ கேட்கமாட்டேன் என்று சொந்தக்காரர் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும். சம்மதிக்காத வீடு எவ்வளவு நல்ல வீடானாலும் பட்டியலில் வேண்டாம். பத்து வீடு நாலாகக் குறைந்தாலும் அந்த நாலு வீட்டை நம்பி ஆளைக் கூப்பிடலாம்.

வயரும் கரண்டும்

‘எங்க ஊர்ல நெட் நல்லா கிடைக்கும்’ என்று எழுதுவதில் பயனில்லை. கிராமங்களுக்கு இணையம் தரும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில் தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை (ஃபைபர்) கொண்டுசெல்லும் பணியை மாநில அரசு நிறுவனமான டான்ஃபிநெட் செய்கிறது. பிஎஸ்என்எல்லும் உள்ளூர் கேபிள்காரர்களும் வீட்டுக்கு ஃபைபர் தருகிறார்கள். ஊராட்சி அலுவலகம் வரை இழை வந்திருப்பதும் நீங்கள் காட்டப்போகும் வீட்டில் வேலை செய்வதும் வேறு வேறு. அந்த வீட்டிலேயே, அல்லது பக்கத்து வீட்டு இணைப்பில், ஏழு நாள் சோதித்து எழுதுங்கள். காலை பத்து, மாலை ஆறு, இரவு ஒன்பது என்று மூன்று வேளை. இறக்க வேகத்தை (டவுன்லோடு) மட்டும் பார்க்காமல் ஏற்ற வேகத்தையும் (அப்லோடு) குறியுங்கள். ஒருவர் தெளிவாகக் காணொளிக் கூட்டத்தில் பேச 4 எம்பிபிஎஸ் ஏற்ற வேகம் போதும். வேகம் பெரும்பாலும் போதுமானதாகவே இருக்கும், அறுபடுவதுதான் தொல்லை.

இங்கே அது ஏன் அறுகிறது என்பதற்குப் புவியியல் காரணமே உண்டு. ஆரியங்காவு கணவாய் வழியாக ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை காற்று அப்படியே கொட்டும். சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகள் நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். ஃபைபர் வயர் மின்கம்பம் விட்டுக் கம்பம் தொங்குகிறது, ஓரமெல்லாம் தென்னை. ஒரு மட்டை விழுந்தால் வயர் அறும். அறுந்ததைச் சாதாரணக் கம்பி போல முறுக்கிச் சேர்க்க முடியாது. அறுந்த இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷின் வைத்திருக்கும் ஆள் டவுனிலிருந்து வர வேண்டும். அவருக்கு அன்றைக்கு இன்னும் ஐந்து இடத்தில் அறுந்திருக்கும். அதனால் ஊர்த் தாளில் எழுத வேண்டியவை: வயர் எந்தப் பாதையில் வருகிறது, ஸ்ப்ளைசிங் ஆளின் பெயரும் போன் நம்பரும் (அவர் சம்மதத்தோடு), போன சீசனில் சராசரியாக எத்தனை மணி நேரத்தில் சரியானது, மாற்றாக எந்த நிறுவனத்தின் செல்போன் சிக்னல் அந்த வீட்டுக்குள் கிடைக்கிறது. இரண்டு ஃபைபர் இணைப்பு எடுத்தாலும் இரண்டும் ஒரே கம்பத்தில் வந்தால் இரண்டும் சேர்ந்தே அறும். ஒன்று ஃபைபர், ஒன்று சிம் என்று இருப்பதுதான் பாதுகாப்பு.

ஃபைபர் பெட்டிக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள். அப்போதும் கரண்டு போனால் நெட் போகிறதா? கேபிள்காரரின் கட்டுப்பாட்டு அறையில் பேட்டரி இல்லை என்று பொருள். வருகிறவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் அவர் போட்டுவிடுவார்; தனி ஒருவர் கேட்டால் நடப்பதில்லை.

துணை மின்நிலையம் ஒவ்வொன்றிலும் மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒரு நாள் பகலில் சில மணி நேரம் மின்சாரம் நிறுத்துவார்கள். எந்தத் துணை மின்நிலையம் என்பதை ஊர்த் தாளில் போடுங்கள். அறிவிப்பைப் பார்த்துக் கூட்ட நேரத்தை மாற்றிக்கொள்வார்கள். அலுவலகம் போடுகிறவருக்கு இன்வெர்ட்டர் கணக்கையும் சொல்லிக்கொடுங்கள். இருபது லேப்டாப் தலா 60 வாட் என்றால் 1,200 வாட். ஐந்து மின்விசிறி, விளக்கு, நெட் பெட்டிகள் சேர்த்து 1,800 வாட் ஆகிவிடும். நாலு மணி நேரத்துக்கு 7.2 யூனிட். 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரி ஒன்றில் 1.8 யூனிட் இருக்கும். நீண்ட நாள் உழைக்க அதில் பாதியைத்தான் எடுக்க வேண்டும். ஆக எட்டு பேட்டரி, இன்வெர்ட்டர் விழுங்குவதையும் சேர்த்தால் இன்னும் ஒன்றிரண்டு. இரண்டு பேட்டரி போட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் எல்லாம் அணைந்து, ‘கிராமத்தில் அலுவலகம் ஓடாது’ என்று முடிவுகட்டுவது இந்தக் கணக்குத் தெரியாததால் வருவது.

மருத்துவத்தைக் கிலோமீட்டரில் எழுதாமல் நிமிடத்தில் எழுதுங்கள், அதுவும் இரவு நேரத்து நிமிடத்தில். இரவு டூட்டி மருத்துவர் இருக்கும் இடம், பாம்புக்கடி மருந்து இருப்பில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம், பிரசவம், டயாலிசிஸ், குழந்தை மருத்துவர், தென்காசி அரசு தலைமை மருத்துவமனை, அதற்கும் மேல் என்றால் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மாற்றுத்திறன் கொண்ட குழந்தை உள்ள பெற்றோர் கேட்டால் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தைச் சொல்லுங்கள். 1981-லிருந்து இயங்குகிறது, அந்தக் குடும்பத்துக்கு இங்கே குடிவர அது ஒன்றே போதிய காரணமாகலாம். பள்ளிக்கு வேன் எந்த முக்கில் எத்தனை மணிக்கு நிற்கும் என்பது வரை எழுதிவிட்டால் போதும்.

போக்குவரத்தில் பொதிகை எக்ஸ்பிரஸ் ராத்திரி ஏறினால் காலையில் சென்னை என்பது பெரிய வசதி. செங்கோட்டை - புனலூர் அகலப்பாதை 2018-ல் திறந்த பிறகு கொல்லம் பக்கமும் ரயிலில் போகலாம். ஆனால் தொழில் செய்ய வருகிறவருக்கு ரயிலைவிட டவுன் பஸ்தான் முக்கியம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தப் பஸ்ஸை நம்பித்தான் பெண்கள் வேலைக்கு வருவார்கள். ஆறு மணிக்கு அலுவலகம் விட்டு, கடைசிப் பஸ் ஐந்தே முக்காலுக்குப் போய்விட்டால், அந்த நிறுவனம் மூன்று மாதத்தில் நல்ல ஆட்களை இழக்கும். அலுவலக நேரத்தைப் பஸ் நேரத்தோடு பொருத்தச் சொல்லுங்கள். முடியாதென்றால் வேன் வாடகையைத் தொடக்கக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.

தொழில் போட வருகிறவருக்கு

அவரை முதலில் மாவட்டத் தொழில் மையத்துக்குக் கூட்டிப்போங்கள். போகும் முன் மானியக் கணக்கை அவரே போடத் தெரிந்திருக்க வேண்டும். புளியங்குடி எலுமிச்சை மலிந்த ஊர். ஒரு பெண் தொழில்முனைவோர் கிராமத்தில் 20 லட்சம் ரூபாயில் ஊறுகாய், சாறு பதப்படுத்தும் அலகு தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், கிராமப்புறத்தில் பெண்களுக்கு மானியம் 35 சதவீதம், சொந்தப் பணம் 5 சதவீதம். அவர் போடுவது 1 லட்சம். வங்கி 19 லட்சம் தரும். மானியம் 7 லட்சம். இந்த 7 லட்சம் கையில் வராது. வங்கியில் மூன்று ஆண்டு வைப்பாக நிற்கும், அந்தத் தொகைக்கு வட்டி ஓடாது, அலகு ஒழுங்காக நடந்தால் கடனில் கழியும். உண்மையான கடன் 12 லட்சம். உற்பத்தித் தொழிலுக்குத் திட்ட மதிப்பு 50 லட்சம் வரை, சேவைக்கு 20 லட்சம் வரை. பெரிய முதலீடு என்றால் மாநில அரசின் நீட்ஸ் திட்டம்: 5 கோடி வரையிலான திட்டத்துக்கு 25 சதவீத மானியம், உச்ச வரம்பு 75 லட்சம், வட்டியில் 3 சதவீதம் கழிவு. பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீதம். விதிகள் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் வாரத்தில் மையத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இங்கே தவறுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். கடன் அனுமதி வரும் முன்பே மெஷினுக்கு முன்பணம் கட்டிவிடுவது; புது அலகுக்கான மானியம் அதனாலேயே சிக்கலாகும். நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்ப்பது, அது ஏற்கப்படாது. நடைமுறை மூலதனத்தைக் குறைத்துப் போடுவது. எலுமிச்சை விலை கோடையில் ஏறும், மழைக்காலத்தில் சரியும். சரியும்போது வாங்கிப் பதப்படுத்தி வைத்தால்தான் லாபம். அந்த நேரத்தில் கையில் பணமில்லாவிட்டால் மெஷின் சும்மா நிற்கும்.

தென்னை நார்த் தொழில் போட வருகிறவரிடம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டைக் கட்டாயம் சொல்லுங்கள். முன்பு வெள்ளைப் பட்டியலில் இருந்தது. 2021-ல் வாரியத்தின் இசைவாணை வேண்டிய ஆரஞ்சுக்கு மாற்றினார்கள். பழைய ஞாபகத்தில், ‘அதுக்கு ஒண்ணும் வேண்டாம்’ என்று சொல்லி ஆளை அழைத்துவந்துவிட்டால், செட் போட்ட பிறகு இசைவாணைக்காக அலைய நேரும்.

நிலம் காட்டும்போது அவசரம் கூடவே கூடாது. முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம், அ-பதிவேடு நான்கையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். அ-பதிவேட்டில் நன்செய் என்றிருந்தால் தொழிலுக்கு மாற்றுவது கடினம், காலமும் ஆகும், புன்செயைக் காட்டுங்கள். புல வரைபடத்தில் ஓடைப் புறம்போக்கு குறுக்கே போகிறதா, பாதை பட்டாவிலேயே வருகிறதா என்று பாருங்கள். வாய்ப்பேச்சில், ‘எல்லாரும் இப்படித்தான் போவோம்’ என்று சொல்லும் பாதை லாரி வந்த அன்றே அடைபடும். மலையடிவாரத்தில் என்றால் அந்தக் கிராமம், மலைப்பகுதியில் கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ளதா என்று முதலில் கேட்க வேண்டும். மேக்கரை, வடகரை, கடையம் பக்கம் யானையும் காட்டுப்பன்றியும் இறங்கும். மலையை ஒட்டிய நிலம்தான் வெளியூர்க்காரருக்குப் பிடிக்கிறது, இந்த விவரங்களை அதனாலேயே முதல் சந்திப்பில் சொல்லிவிட வேண்டும்.

வேலைக்கு ஆள் எங்கே என்ற கேள்விக்கு, ‘நிறைய இருக்காங்க’ என்று பதில் சொல்லாதீர்கள். பக்கத்துக் கல்லூரிகளில் கடைசி மூன்று ஆண்டில் படித்து முடித்தவர்களில், ஊரிலேயே வேலை என்றால் வரத் தயார் என்று பெயர் கொடுத்தவர்களின் பட்டியல் வேண்டும். பாடம், தட்டச்சு, ஆங்கிலம் எழுதும் அளவு, வீட்டிலிருந்து பஸ் வசதி. நாற்பது பெயர் உள்ள உண்மையான பட்டியல் போதும், ஒரு சிறு நிறுவனம் நம்பி வரும். பீடி சுற்றும் பெண்கள் மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். விரல் நுணுக்கம் கைவந்தவர்கள். தையல், பேக்கிங் போன்ற வேலைக்கு அவர்களை அழைப்பதானால், பீடிக்குக் கிடைக்கும் கூலியும் வருங்கால வைப்புநிதியும் விட்டுப்போகாத அளவுக்கு ஊதியம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் வராததற்குக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை.

யாரை முதலில் அழைப்பது என்பதில் எங்கள் கருத்து உறுதியானது. முகம் தெரியாதவருக்கு விளம்பரம் செய்வதைவிட, இந்த மண்ணோடு ஏற்கெனவே ஒரு நூல் உள்ளவர்களைக் கேட்பது பலன் தரும்: வெளியே போன மகன், மகள், இங்கே பெண் எடுத்தவர், இங்கே வேலை பார்த்து மாறிப்போன ஆசிரியர். அவர்கள் எப்போது வருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பொங்கல், சித்திரையிலும் ஆடியிலும் கோயில் கொடை, சங்கரன்கோவிலில் ஆடித்தபசு, கடையநல்லூர், தென்காசிப் பக்கம் இரண்டு பெருநாள். அந்த நாட்களில் ஊர் நடுவே ஒரு மேசை போட்டு உட்காருங்கள். வீட்டுப் பட்டியல், ஊர்த் தாள், தொழில் மைய விவரம் மேசையில் இருக்கட்டும். பூட்டிய வீட்டுச் சொந்தக்காரரும் அன்றுதான் ஊரில் இருப்பார்; ஒப்பந்தத்தை அன்றே பேசி முடிக்கலாம்.

முன்பின் தெரியாதவர் விசாரித்தால் சீசனில் வரச் சொல்லாதீர்கள். சாரலில் யாருக்கும் ஊர் பிடிக்கும். ஏப்ரல் கடைசியில் ஒரு வாரமும், நவம்பர் அடைமழையில் ஒரு வாரமும் வந்து தங்கச் சொல்லுங்கள். விடுதி வேண்டாம், பட்டியலில் உள்ள வீட்டிலேயே தங்கட்டும். மடிக்கணினியைக் கொண்டுவந்து வேலை நாளில் வேலை பார்க்கட்டும். கணவன் மனைவி இருவரும் வர வேண்டும், பிள்ளைகளும் வந்தால் நல்லது. ஒருவருக்கு மட்டும் பிடித்து வந்த குடும்பம் அடுத்த பள்ளி ஆண்டுத் தொடக்கத்தில் கிளம்பிவிடும். அந்த வாரத்தில் மளிகைக்கடை, பால்காரர், பிளம்பர், ஆட்டோக்காரர் நால்வரையும் அறிமுகம் செய்துவையுங்கள். சுற்றுலா இடம் ஒன்றும் காட்ட வேண்டாம்.

விசாரணைக்கு ஒரே ஒரு போன் நம்பர் இருக்கட்டும். அதை எடுக்கும் ஆள் ஒருவர், அவர் இல்லாதபோது எடுக்க இன்னொருவர். அழைத்தவருக்கு அடுத்த நாளுக்குள் எழுத்தில் பதில் போக வேண்டும். குடிவந்த குடும்பத்துக்கு முதல் ஆறு மாதம் ஓர் ஊர்த்துணை வேண்டும். கேஸ் இணைப்பு, ரேஷன் அட்டை முகவரி மாற்றம், பள்ளிச் சேர்க்கை மூன்றிலும் கூடப்போவது அவர் வேலை. அதே ஊரில் மணமாகி வந்த பெண் ஒருவர் இதற்கு மிகப் பொருத்தம்; வெளியிலிருந்து வந்து வேரூன்றுவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த வேலைக்கு மாதச் சம்பளம் கொடுங்கள்.

நோட்டில் ஐந்து கட்டம் வைத்துக்கொள்ளுங்கள்: விசாரித்தவர், வந்து பார்த்தவர், தங்கிப் பார்த்தவர், குடிவந்தவர், ஓராண்டு கழித்தும் இருப்பவர். முதல் கட்டத்தில் எண்ணிக்கை கூடுவதைப் பார்த்து மகிழ ஒன்றுமில்லை. கடைசிக் கட்டத்துக்கு எதிரே, கிளம்பிப்போனவர் சொன்ன காரணத்தை அவர் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். சாவியைத் திருப்பிக் கொடுக்க வரும் நாளில் மரியாதைக்காக, ‘ஆபீஸ்ல கூப்பிட்டுட்டாங்க’ என்பார்கள். இரண்டு மாதம் கழித்துப் போன் செய்து நலம் விசாரித்தால்தான், மோட்டார் ரிப்பேருக்கு நாலு நாள் ஆள் வரவில்லை என்பதோ, பக்கத்து வீட்டில் யாரும் பேசவில்லை என்பதோ வெளியே வரும். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு அடுத்த குடும்பத்தை அழைக்கலாம்.